ஒரு சொல், பல வரைவுகள்: 'கிராஃப்' தமிழில் பெற்ற பெயர்கள்

பெம்பானிலும் அதனைச் சூழ்ந்த ஜாசின் மாவட்டத் தோட்டப்புறங்களிலும் தமிழ்ப்பள்ளியில் பயிலும் மாணவர், கணிதப் பாடத்தில் 'பட்டைக் குறிவரைவு' என்னும் சொல்லைக் கற்கின்றார். அவரே முதலாம் படிவம் புகுந்ததும் அதே உருவத்தைத் தேசிய மொழியில் 'சார்த்தா பாலாங்' என்று காண்கின்றார். தமிழ்நாட்டுப் பாடநூலைத் திறந்தால் அது 'பட்டை விளக்கப்படம்'. இலங்கைப் பாடநூலைத் திறந்தால் 'சலாகை வரைபு'. உருவம் ஒன்று, பெயர்கள் நான்கு. இவற்றுள் எது சரி என்று மாணவர் வினவினால் ஆசிரியர் என்ன விடை பகர்வது? இவ்வினாவுக்கு விடை காண, 'கிராஃப்' என்னும் சொல்லின் வரலாற்றை நாம் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

கிரேக்க மொழியில் 'கிராஃபெய்ன்' என்னும் வினைச்சொல்லின் பழம்பொருள் கீறுதல் என்பதாகும். கீறுதலிலிருந்தே எழுதுதல், வரைதல் என்னும் பொருள்கள் பிறந்தன. இப்பொருள் வளர்ச்சி தமிழர்க்குப் புதிதன்று. நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணி கொண்டு கீறியே எழுதினர். கீழடி, கொடுமணல் ஆகிய இடங்களில் கிடைத்த பானையோடுகளிலும் பெயர்களும் குறியீடுகளும் கீறப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் 'படம் கீறு' என்றே கூறுவர். 'எழுது' என்னும் சொல்லும் பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது. பரிபாடல் திருப்பரங்குன்றத்து ஓவியக்கூடத்தை 'எழுத்துநிலை மண்டபம்' என்கின்றது. ஆகவே எழுத்து, படம், கோடு ஆகிய மூன்றையும் ஒரே வேரில் கட்டும் இயல்பு கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் பொதுவானது.

ஐரோப்பிய மொழிகள் இக்கிரேக்க வேரைக் கொண்டு பல தொடர்சொற்களை ஆக்கின. டெலிகிராஃப், போட்டோகிராஃப், பாராகிராஃப், ஜியாகிராஃபி என்பன அவற்றுட் சில. தமிழோ வேரை நோக்காது பொருளை நோக்கியது. கம்பி வழியே வந்த செய்தியைத் தந்தி என்றது. ஏனையவற்றைப் புகைப்படம், பத்தி, புவியியல் என்றது. நான்கு தமிழ்ச் சொற்களிடையே உறவு ஏதும் புலப்படாது. எனினும் ஒவ்வொன்றும் தான் குறிக்கும் பொருளைத் தெளிவாகக் காட்டுகின்றது.

'கிராஃப்' என்பது தனிச்சொல்லாய்க் கணிதத்துள் நுழைந்தது பிற்காலத்திலேயே. 1878இல் ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர், 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையொன்றில் இச்சொல்லைக் கையாண்டார். அணுக்களை எழுத்துகளாகவும் அவற்றின் பிணைப்புகளைக் கோடுகளாகவும் வேதியியலார் வரைந்த உருவங்களையே அவர் அவ்வாறு குறித்தார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதத்துறைக்கு அப்பெயரே நிலைத்தது. அத்துறையின் தொடக்கமாகக் கூறப்படுவது, கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து வர இயலுமா என்னும் வினாவுக்கு 1736இல் ஆய்லர் அளித்த விடையாகும். தமிழில் இவ்வகை உருவத்தைக் 'கோட்டுரு' என்பர். இங்குக் கோட்டின் நீளமோ வளைவோ பொருட்டன்று. எது எதனோடு இணைந்துள்ளது என்பதே பொருட்டு.

பள்ளி மாணவர் அறிந்த கிராஃப் வேறு. இரண்டு அச்சுகளுக்கிடையே அளவுகளைக் குறித்து வரையும் உருவம் அது. இதற்கு அடிகோலியது 1637இல் வெளிவந்த டேகார்ட்டின் வடிவக்கணித நூல். வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் 1786இலும், வட்டக் கூறுகளாக 1801இலும் வரைந்து காட்டியவர் பிளேஃபேர். இங்குக் கோட்டின் ஏற்ற இறக்கமே பொருள். கோட்டுருவுக்குப் பொருட்டல்லாதது இதற்கு உயிராகின்றது.

மொழியியலாருக்கோ கிராஃப் என்பது எழுதப்பட்ட ஒரு வரிவடிவம். 'னை' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் யானைத் துதிக்கை போன்ற கொம்பு அதன் முன் சுழிந்து நின்றது. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அதனை ஏற்றன. அதன்பின் 'னை' இன்றைய வடிவம் பெற்றது. எழுத்து ஒன்றே, வரிவடிவங்கள் இரண்டு. பழைய பாடநூலைப் படிக்கும் மாணவர் இவ்வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்.

ஒரே ஆங்கிலச் சொல் துறைதோறும் பொருள் வேறுபடும்போது தமிழ் கோட்டுரு, வரைபடம், வரிவடிவம் என வெவ்வேறு பெயரிடுவது குறையன்று. அது மொழியின் தெளிவு. ஆயின் ஒரே துறையில் ஒரே பொருளுக்கு நாடுதோறும் பெயர் வேறுபடுவது வேறு வகைச் சிக்கல். இது மொழியின் இயல்பால் அன்று, வரலாற்றால் நேர்ந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். இலங்கையில் 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் தமக்கெனச் சொற்களை ஆக்கிக்கொண்டன. 2003இல் இந்நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. 2009இல் அரசு அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தமிழ்ப்பள்ளிக்கு வந்த பிள்ளைகள் 'குறிவரைவு' என்னும் சொல்லைக் கணித வகுப்பில் கேளாமலே வளர்ந்தனர். வகுப்பில் புழங்காத கலைச்சொல் அகராதியில் இருந்தும் பயனில்லை.

இப்பெயர்களை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். மலாய்மொழி கோட்டு உருவத்தைக் 'கிராஃப்' என்றும், பட்டையையும் வட்டத்தையும் 'சார்த்தா' என்றும் பிரிக்கின்றது. தமிழ்நாடும் 'வரைபடம்', 'விளக்கப்படம்' என அவ்வாறே பிரிக்கின்றது. மலேசியத் தமிழின் 'குறிவரைவு', இலங்கைத் தமிழின் 'வரைபு' ஆகியன இரண்டையும் ஒரே பெயரில் அடக்குகின்றன. இவற்றுள் எதுவும் பிழையன்று. பொருளைப் பகுக்கும் முறையே வேறு. மேலும் 'வரைபடம்' நிலப்படத்தையும் குறிக்குமாதலால், தமிழ்நாட்டு நூலைப் படிக்கும் நம் மாணவர் புவியியலையும் கணிதத்தையும் மயங்கக் கொள்ளவும் கூடும்.

'வரைவு' என்னும் சொல்லும் மயக்கம் தருவதே. அகத்துறையில் 'வரைவு கடாதல்' என்றால் திருமணத்தை வற்புறுத்துதல். தலைவியைத் தனக்கு உரியவளாக வரையறுத்துக் கொள்ளுதலே வரைவு. சட்டத்துறையில் அது முதற்படியான எழுத்து. கோடிட்டு எல்லை வகுத்தல் என்னும் அடிப்பொருள் இவை அனைத்திலும் ஊடுருவி நிற்றலை ஆசிரியர் எடுத்துக்காட்டினால், இலக்கியமும் கணிதமும் ஒரே சொல்லில் சந்திப்பதை மாணவர் உணர்வர்.

எனவே எது சரி என்னும் வினாவுக்கு நாம் கூறும் விடை இது: தேர்வுத்தாளில் நம் பாடநூற் சொல்லே சரி. ஆனால் அதனோடு நின்றுவிடுதல் தகாது. உருவத்தை முதலில் கரும்பலகையில் வரைந்து, அது எதைக் காட்டுகின்றது என்பதை மாணவரையே சொல்லச் செய்க. பின்னர் அதன் கீழ் குறிவரைவு, விளக்கப்படம், வரைபு, சார்த்தா என்னும் நான்கனையும் எழுதுக. இதற்குச் சில நிமிடங்களே ஆகும். அவ்வாறு கற்ற மாணவர் இடைநிலைப்பள்ளியில் புதிய பெயரைக் கேட்கும்போது தாம் தமிழில் கற்றது வீண் என்று எண்ணார். அறிந்த பொருளுக்கு மற்றொரு பெயர் என்றே கொள்வார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற கல்வி அப்பள்ளி வாயிலோடு முடிந்துபோகாமல் காப்பது இச்சிறு பழக்கமே.