ரயில் வராத சென்ட்ரல்: குரங்கணி பாதையின் கதை

சென்ட்ரல்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிவப்புக் கட்டடம், மணிக்கூண்டு, ஆட்டோவுக்கு நிக்கிற கூட்டம். தேனி மாவட்டத்துல, போடிநாயக்கனூருக்கு மேல மலைச்சரிவுல இன்னொரு சென்ட்ரல் இருக்கு. குரங்கணியில இருந்து ஏறினா நடுவழியில வர்ற சின்ன ஊர். அங்க ரயில் வந்ததே இல்ல. அதுக்கும் மேல, மூணாறு பக்கம் திரும்புற மலை விளிம்புல டாப் ஸ்டேஷன். கீழ இருக்கிற கொட்டகுடிக்கு ஒரு காலத்துல பாட்டம் ஸ்டேஷன்னே பேர்.

இந்த எபிசோடுக்கு ஏன் அங்க போறோம்னா, புதுசா ட்ரெக்கிங் ஆரம்பிச்ச பலரும் கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: புதுப் பாதையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்குத் தெரிஞ்சு நம்ம மலைகள்ல புதுப் பாதைன்னு ஒண்ணு அநேகமா கிடையாது. கால் வைக்கிற மாதிரி ஒரு தடம் இருந்தா, நமக்கு முன்னாடி யாரோ சுமையோட ஏறி இறங்கியிருக்காங்க. யாரு, எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா அந்தப் பாதை கொஞ்சம் பிடிபடும்.

குரங்கணி பாதைக்குப் பின்னாடி இருக்கிறது தேயிலை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். காபி, சின்கோனான்னு என்னென்னமோ நட்டுப் பார்த்து, கடைசியில தேயிலைதான் நின்னுச்சு. 1897-ல் அதுக்குன்னு தனிக் கம்பெனியே வந்தாச்சு. சரி, விளைஞ்ச தேயிலையை எப்படிக் கீழ இறக்குறது? மேற்கே பார்த்தா அடர்ந்த காடு. கிழக்கே செங்குத்தான சரிவு, ஆனா அதுக்குக் கீழ போடி சமவெளி, மாட்டுவண்டிப் பாதை. கிழக்கையே தேர்ந்தெடுத்தாங்க.

அதுக்காக அவங்க பண்ணின ஏற்பாடு கேட்கவே வேடிக்கையா இருக்கும். 1902-ல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு மோனோரயில். சென்னை, மும்பையில பேசுற மோனோரயில் இல்ல இது. ஒரே ஒரு தண்டவாளம். வண்டியோட சின்னச் சக்கரம் அதுமேல, பெரிய சக்கரம் சாலைமேல, இழுக்கிறது மாடு! 1908-ல் அதை எடுத்துட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டு, நீராவி எஞ்சின் ஓட்டினாங்க. டாப் ஸ்டேஷன்ல இறக்கின தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்துல தொங்கிக்கிட்டே சுமார் 5 கிலோமீட்டர் கீழ இறங்கி கொட்டகுடிக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில 15 கிலோமீட்டர், போடி. அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து. ஆக மேல டாப், கீழ பாட்டம், நடுவுல சென்ட்ரல்.

இந்தக் கதையை இன்ஸ்டாகிராம்ல பழைய ரயில் போட்டோவோட நிறைய பேர் போடுறாங்க. அழகாத்தான் இருக்கு. ஆனா கம்பிவடம் சரக்குக்குத்தான். ஆளுங்க நடந்துதான் ஏறணும். மதுரை, திருநெல்வேலி சீமையில இருந்து கங்காணிங்க முன்பணம் கொடுத்துக் கூட்டிட்டுப் போன தோட்டத் தொழிலாளிங்களுக்கு ட்ரெக்கிங்னு ஒரு சொல்லே தெரியாது. குழந்தை குட்டி, சட்டி பானையோட ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறியிருக்காங்க. நம்ம கணக்குல சொன்னா எல்.ஐ.சி. கட்டடம் மாதிரி கிட்டத்தட்ட இருபதை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின உயரம்.

1924 ஜூலையில பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்துல அதை இன்னமும் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்னுதான் சொல்றாங்க. ரயில் பாதை அடிச்சுட்டுப் போயிடுச்சு. திரும்பப் போடவே இல்ல. பிறகு ஆலுவா பக்கமிருந்து சாலை வந்து, தேயிலை மேற்கே திரும்பிடுச்சு. குரங்கணி சரிவுல மிச்சமிருந்தது நடைபாதையும் இந்தப் பேர்களும்தான். டாப் ஸ்டேஷன் பக்கம் பழைய கட்டுமானத்தோட சிதிலங்களைப் பார்க்கலாம்.

அந்த நடைபாதையைத்தான் வார இறுதி ட்ரெக்கிங் குழுக்கள் பிடிச்சுக்கிட்டாங்க. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில இருந்து ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து இன்னொண்ணு. பெரும்பாலும் இளைஞர்கள், பாதி பேருக்கு மேல பெண்கள். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்துடுச்சு. மொத்தம் 23 பேர் இறந்தாங்க. முதல்ல ஓடிப்போய் காயப்பட்டவங்களைப் போர்வையில தூக்கிட்டு வந்தது குரங்கணி சுற்றுவட்டார மக்கள்தான். அனுமதி வாங்கினது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, நடந்தது வேற பாதையிலன்னு அப்போ செய்திகள்ல வந்துச்சு.

யார் மேல தப்புன்னு இங்க உட்கார்ந்து பேச எனக்கு விருப்பமில்ல. ஒரு விஷயம் மட்டும் சொல்றேன். தீ மேல் நோக்கித்தான் வேகமா ஓடும். சரிவுல இருக்கிற புல்லை கீழ இருக்கிற அனல் முன்கூட்டியே காய வெச்சுடும், அதனால ஏறி ஓடித் தப்பிக்கிறது ரொம்பக் கஷ்டம். மார்ச் மாசத்துல அந்தப் புல் எப்படி இருக்கும், காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு உள்ளூர்ல ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்குத் தெரியும். எந்த ஆப்ல எத்தனை ஸ்டார் கொடுத்திருந்தாலும் அது தெரியாது. ஜி.பி.எஸ். கோடு பாதை எங்க இருக்குன்னு காட்டும், எந்த மாசத்துல போகக் கூடாதுன்னு காட்டாது.

அந்த வருஷமே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 40 பாதைகளைத் திறந்தாங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணணும், பயிற்சி எடுத்த உள்ளூர் ஆட்கள் கூட வருவாங்க. எளிது, நடுத்தரம், கடினம்னு பிரிச்சிருக்காங்க. காட்டுத்தீக் காலத்துல மூடிடுவாங்க. கட்டணம் அதிகம்னு ஒரு புலம்பல் இருக்கு. மாணவர்களுக்கு அது நிஜமான பிரச்சனைதான். ஆனா முதல் தடவை போறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்: எளிது பட்டியல்ல இருந்து ஒண்ணு எடுங்க, கூட வர்றவர் அந்த ஊர்க்காரரான்னு கேளுங்க. மழை முடிஞ்சு டிசம்பர், ஜனவரில போங்க.

குரங்கணிக்கே போகணும்னா இரண்டு மூணு எளிய பாதைகள் நடந்து முடிச்சிட்டுப் போங்க. வழிகாட்டியா வர்றவர்கிட்ட சென்ட்ரல்னு ஏன் பேர் வந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க. அவங்க தாத்தா பாட்டி காலத்துக் கதையில, நான் சொன்னதுல இல்லாத ஆளுங்க நிறைய பேர் வருவாங்க.