ஏத்தலாம் சார், இறக்க முடியாது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, படுக்கப் போகும்போது போனில் "புதிய அப்டேட் தயார்" என்று வந்தது. யோசிக்காமல் சரி என்று அழுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் போன் அழகாகத்தான் இருந்தது. என் காது மெஷின்தான் அதோடு ஒத்துப்போக மறுத்தது. இரண்டு வருடமாக ப்ளூடூத் வழியாக இரண்டும் சேர்ந்து, புனேயில் இருக்கும் மகள் பேசுவது நேராக என் காதுக்குள் விழும். இப்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது. "அப்பா, கேக்குதா? கேக்குதாப்பா?" என்று அவள் கத்துவது மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னிடம் பத்தாவது படித்தவர். "பழைய வெர்ஷனையே போட்டுக் குடுத்துடுப்பா" என்றேன். சிரித்துவிட்டார். "ஏத்தலாம் சார், இறக்க முடியாது. கம்பெனியில பூட்டி வச்சிருக்காங்க. வம்பா இறக்கினா போன் டெட் ஆயிடும்."

முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்கு இந்தப் பதில் போதுமா? யார் பூட்டியது, எப்போது, எதற்காக என்று தேடிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். என் போன் ஐபோன் அல்ல. ஆனால் இந்தப் பூட்டின் கதை ஐபோனில்தான் தெளிவாகத் தெரிகிறது, அதனால் அதையே எழுதுகிறேன்.

2007-ல் முதல் ஐபோன் வந்தபோது, கேபிள் மாட்டிக் கணினி வழியாகத்தான் அப்டேட். பழைய வெர்ஷன் கோப்பைக் கணினியில் பத்திரமாக வைத்திருந்தால், ஓரளவு பின்னால் போக முடிந்தது. 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது நிலைமை மாறியது. நம் சம்பள பில் கருவூலத்துக்குப் போய் பாஸாகி வருவது போல, எந்த வெர்ஷனை ஏற்றினாலும் போன் தன் தனி எண்ணை ஆப்பிளின் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து மின்கையெழுத்து வந்தால்தான் ஏற்றிக்கொள்ளும். புது வெர்ஷன் வந்த சில நாளில் அல்லது வாரங்களில் பழையதற்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். கோப்பு உங்கள் கையில் இருந்தும் பயனில்லை. 'சிடியா' நடத்திய ஜே ஃப்ரீமன் என்பவர் அந்தக் கையெழுத்துகளை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து வைக்க ஒரு சர்வரே வைத்தார். 2011-ல் ஐஓஎஸ் 5 வந்தபோது, ஒவ்வொரு கோரிக்கையிலும் புதிதாக ஒரு எண் சேர்ந்து, சேமித்த கையெழுத்து மட்டும் போதாது என்றானது. அதே ஐஓஎஸ் 5-ல்தான் கேபிள் இல்லாமல் காற்றில் வரும் அப்டேட்டும் தொடங்கியது. ஏறுவது சுலபமானதும் இறங்குவது கடினமானதும் ஒரே வெர்ஷனில்!

இதன் விளைவை அடுத்த வருடமே பார்த்தார்கள். 2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6 வந்தது. அதில் கூகுள் மேப்பை எடுத்துவிட்டு ஆப்பிள் தன் சொந்த மேப்பை வைத்தது. அது தவறுகள் நிறைந்த மேப். செப்டம்பர் 28 அன்று டிம் குக் பகிரங்கக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டு, அதுவரை பிற நிறுவனங்களின் மேப்களைப் பயன்படுத்துங்கள் என்றார். டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் போலீஸ் ஓர் எச்சரிக்கை விட்டது. மில்துரா ஊருக்குப் போக வேண்டியவர்களை அந்த மேப் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி ஒரு வறண்ட தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோய் விட்டது. வெயில் 46 டிகிரி வரை போகும் இடம். சிலர் 24 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ராத்திரியில் ஏற்றிக்கொண்ட அப்டேட் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2014 செப்டம்பர் 24 இன்னும் சுவாரஸ்யம். அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1, புத்தம் புது ஐபோன் 6-ல் சிக்னலையும் கைரேகைப் பூட்டையும் கெடுத்தது. ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவை 40,000-க்கும் குறைவு என்றார்கள். தீர்வாக என்ன சொன்னார்கள் தெரியுமா? கணினியில் மாட்டி பழைய ஐஓஎஸ் 8-க்கே திரும்பிப் போங்கள் என்று! மறுநாள் 8.0.2 வந்தது. ஆக, கதவு இல்லாமல் இல்லை. சாவி அவர்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கோர்ட்டு கச்சேரி அளவுக்குக் கொண்டுபோனது பேட்டரி விவகாரம். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க என்பது காரணம். காரணம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் வேகம் குறையும் என்று போன் வைத்திருப்பவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. டிசம்பரில் விஷயம் வெளியே வந்தது. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 அக்டோபரில் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், கேலக்ஸி நோட் 4-ல் புதிய ஆண்ட்ராய்டை ஏற்ற வைத்ததற்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2020 பிப்ரவரியில் ஆப்பிளுக்கு பிரான்ஸில் 2.5 கோடி யூரோ. பிரெஞ்சு நுகர்வோர் துறை தன் அறிக்கையில் ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொன்னது: பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாததால் பலர் பேட்டரியை மாற்றவோ புதுப் போன் வாங்கவோ வேண்டியதாயிற்று. நம்ம கடைக்காரர் சொன்னதைத்தான் ஒரு நாட்டின் அரசாங்கம் அரசாங்க மொழியில் சொல்லியிருக்கிறது.

இதோடு நிறுத்தினால் ஒரு பக்கத்தை மட்டும் நடத்திய வாத்தியார் ஆகிவிடுவேன். 2016 ஆகஸ்டில் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் லிங்கைத் தொடாமல் டொரான்டோவின் சிட்டிசன் லேப்புக்கு அனுப்பினார். தொட்டிருந்தால் போன் முழுவதும் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளின் கைக்குப் போயிருக்கும். ஆகஸ்ட் 25 அன்று ஐஓஎஸ் 9.3.5 வந்து அந்த ஓட்டைகளை அடைத்தது. பின்னால் போகும் கதவு திறந்தே இருந்தால், திருடன் முதலில் போனைப் பழைய வெர்ஷனுக்கு இறக்கிவிட்டு, தெரிந்த ஓட்டை வழியாக உள்ளே வரலாம். 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு செய்தியாக வந்தாலே ஐபோனின் செயலிகள் முடங்கின. 11.2.6-ஐ ஏற்றியவர்கள் தப்பித்தார்கள். ஆண்ட்ராய்டும் 2017-ல் ஓரியோவோடு இந்தத் திரும்பிப்போகும் தடையைத் தன் பாதுகாப்பு முறையில் சேர்த்துக்கொண்டது. 2022-ல் பிக்சல் 6-ல் ஆண்ட்ராய்டு 13 ஏற்றினால் 12-க்கு இறங்க முடியாது என்று கூகுளே முன்கூட்டிச் சொன்னது. சொல்லிவிட்டுச் செய்தார்கள், அந்த மட்டில் மரியாதை.

இன்னொன்றும் உண்டு. 2013-ல் ஐஓஎஸ் 7-ன் புதுத் தோற்றம் பிடிக்காமல் பழையதே வேண்டும் என்று நிறையப் பேர் புலம்பினார்கள். அதே ஐஓஎஸ் 7-ல்தான் ஐபோனோடு சேர்ந்தே தமிழ் விசைப்பலகை வந்தது. அன்று ஏற்றாமல் இருந்தவர் தமிழில் தட்டவும் வேறு வழி தேடியிருக்க வேண்டும்.

ஆகவே பூட்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வங்கிச் செயலி இதில்தான் இருக்கிறது, ஓய்வூதியர் நேர்காணலைக்கூட முகம் காட்டி இதிலேயே முடித்துவிடுகிறேன். ஓட்டைப் போனில் இதையெல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இன்ன இன்ன மாறும், இனி திரும்ப முடியாது என்று அந்தச் சரி பொத்தானுக்கு மேலே நாலு வரி தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரு வாரமாவது பழையதற்குக் கையெழுத்து உண்டு என்று அறிவித்தால் என்ன? காது கேளாதவன், கண் தெரியாதவன் எல்லாம் இந்தப் போனை நம்பித்தான் வெளியே போகிறான்.

சென்ற வாரம் அடுத்த அப்டேட் வந்து நிற்கிறது. ப்ளூடூத் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள். இந்த முறை நான் அழுத்தவில்லை. எங்கள் பள்ளித் தமிழய்யா வைத்திருப்பதும் இதே மாடல்தான், அவர் ஏற்கனவே ஏற்றிவிட்டார். நேற்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் காது மெஷினை அவர் போனோடு இணைத்து மகளைக் கூப்பிட்டேன். யார் நம்பர் இது என்று முதலில் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள். இருபது நிமிடம் பேசினோம், ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. அய்யாதான் நடுவில் இரண்டு முறை, "போதும், என் சார்ஜ் தீருது" என்றார்.

இன்று ராத்திரி போட்டோக்களை எல்லாம் கணினிக்கு மாற்றிவிட்டு ஏற்றப் போகிறேன்.