கேம் பாய் முதல் ஸ்விட்ச் வரை: வன்பொருள் மாறிய இடைவெளிகள்

கியோட்டோவின் நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரலில் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, அதன் உள்ளிருந்ததெல்லாம் ஏறக்குறையப் பழைய சரக்குதான். 8-பிட் செயலி, 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறு திரை, பச்சை கலந்த நான்கு சாயல்கள். இருட்டில் விளையாடத் திரைவிளக்குகூடக் கிடையாது. அதே ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த அட்டாரி லிங்க்ஸ், மறு ஆண்டு வந்த சேகா கேம் கியர் இரண்டும் வண்ணத் திரை கொண்டவை. ஆனால் அவை ஆறு பேட்டரிகளை நாலைந்து மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அமெரிக்காவில் லிங்க்ஸ் 180 டாலர், கேம் பாய் 90 டாலர்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. கேம் பாயை உருவாக்கிய பிரிவின் தலைவர் குன்பெய் யோகோய், விலை மலிந்து நன்கு பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புதிய பயனுக்குத் திருப்புவதையே கொள்கையாகக் கொண்டவர். கால்குலேட்டர்களில் இருந்த திரவப் படிகத் திரையை வைத்து 1980-ல் கேம் அண்ட் வாட்ச் வரிசையைத் தந்தவரும் அவரே.

ஏழு ஆண்டுகள் கேம் பாயின் அடிப்படை மாறவே இல்லை. 1996-ல் வந்த கேம் பாய் பாக்கெட்டும் உருவில் மெலிந்ததே தவிர, திறனில் கூடவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான போக்கிமான் விளையாட்டுகள் முதுமை தட்டிய கருவிக்கு மறுவாழ்வு கொடுத்தன. புதிய சிப் செய்யாததை ஒரு நல்ல விளையாட்டு செய்தது. வண்ணத் திரை கொண்ட கேம் பாய் 1998-ல்தான் வந்தது. பழைய கார்ட்ரிட்ஜ்கள் அதிலும் ஓடின.

அடுத்த கட்டம் இதற்கு நேர்மாறு. 32-பிட் கேம் பாய் அட்வான்ஸ் 2001 மார்ச்சில் திரைவிளக்கு இல்லாமல் வந்தது. அந்தக் குறை நீங்கி, மடக்கும் வடிவமும் சார்ஜ் செய்யும் பேட்டரியும் கொண்ட அதன் எஸ்பி வடிவம் 2003-ல் வந்தது. 2004 நவம்பரிலேயே இரட்டைத் திரை டிஎஸ் அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிட்டது. அது அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ்களை ஏற்றது. அதற்கு முந்தைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களை ஏற்கவில்லை.

தலைமுறையின் நடுவில் செயலியை மாற்றுவது இன்னும் சிக்கலானது. டிஎஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான 3டிஎஸ்ஸின் புதிய வடிவமாக 2014-ல் வந்த நியூ 3டிஎஸ் கூடுதல் திறன் பெற்றதால், ஜெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3டி போன்ற சில விளையாட்டுகள் பழைய 3டிஎஸ்ஸில் ஓடவில்லை. வாங்கியவரை ஒதுக்கிய இந்த மேம்பாடு நியாயமானதல்ல. வால்வ் நிறுவனம் இதில் கவனமாக இருந்தது. 2022-ல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவிக்கு 2023 நவம்பரில் ஓஎல்இடி திரையும் பெரிய பேட்டரியும் கொடுத்தது. விளையாட்டுத் திறனை ஏறத்தாழ அதே அளவில் வைத்துக்கொண்டது.

நிண்டெண்டோவும் நீண்ட இடைவெளிக்கே திரும்பியது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச், லைட் வடிவிலும் ஓஎல்இடி வடிவிலும் கிடைத்தாலும் திறனில் மாறவில்லை. ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூனில், எட்டு ஆண்டுகள் கழித்து; பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதிலும் ஓடுகின்றன.