கறுப்புப் புலி சொல்லும் வரலாறு

கறுப்புப் புலி என்றதும் கருஞ்சிறுத்தை மாதிரி முழுக்கக் கறுத்த விலங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒடிசாவின் சிமிலிபால் காட்டிலுள்ள இந்தப் புலிகளின் வரிகள் அகன்று, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இடுக்குகளில்தான் ஆரஞ்சு நிறம் தெரியும்.

ரொம்ப காலம் இது வெறும் பேச்சாகவே இருந்தது. 1993-ல் அங்கே ஒரு பழங்குடிச் சிறுவன் தற்காப்புக்காக அம்பெய்து கொன்ற பெண்புலி கறுப்பாக இருந்தது. 2007-ல் தானியங்கி கேமராவிலும் பதிவானது. சரி, ஏன் இங்கே மட்டும்?

2021-ல் பதில் கிடைத்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு, உயிரியல் பூங்காக்களில் பிறந்த கறுப்புப் புலிகளின் மரபணுத் தொகுப்பை முழுதாக வாசித்தது. நம்ம வண்டலூர் பூங்காப் புலிகளும் அதில் அடக்கம். டாக்பெப் என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. வீட்டுப் பூனையின் வரிகள் திட்டுத்திட்டாகப் படர்வதற்கும் இதே ஜீன்தான் காரணம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் குட்டி கறுக்கும்.

அடுத்து 395 புலிகளைச் சோதித்தார்கள். காட்டுப் புலிகளில் சிமிலிபாலில் மட்டுமே அந்த மாற்றம் இருந்தது. அங்கே சோதித்த புலிகளில் அந்த ஜீனின் பிரதிகளில் 58 சதவீதம் மாறியவை!

கறுப்பு நிறம் வேட்டைக்கு உதவியதால் பரவியது என்றுதான் முதலில் தோன்றும். ஆய்வு முக்கியமாகக் காட்டுவது வேறு காரணத்தை. சிமிலிபால் புலிகள் மற்ற புலிகளிடமிருந்து துண்டிக்கப்பட்டவை. மிகச் சில மூதாதைகளின் வம்சம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சின்ன ஊரில் அபூர்வமான ஒன்று சாதாரணமாகிவிடுவதைப் போலத்தான் இதுவும். பரிணாமத்தில் தகுதி மட்டுமல்ல, தற்செயலும் வேலை செய்யும். கூட்டம் சிறுத்தால் அதன் கை ஓங்கும்.

அதனால், சுற்றுலா விளம்பரத்தில் பெருமையாகக் காட்டப்படும் அந்தக் கறுப்பை, காடுகள் துண்டான வரலாற்றின் தழும்பாகவே நான் பார்க்கிறேன். 2024-ல் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண்புலிகளைப் புது ரத்தம் சேர்க்கக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வம்சம் பெருகினால் கறுப்புக் குட்டிகள் குறையலாம். குறையட்டுமே. நமக்கு வேண்டியது அபூர்வ நிறமா, தழைக்கும் புலிக்கூட்டமா?