வெபர் என்னும் பெயர்: கோட்டிங்கன் முதல் மட்டக்களப்பு வரை

மட்டக்களப்பு நகரத்தாருக்கு ‘வெபர்’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது விளையாட்டு மைதானம். “இண்டைக்கு வெபர்ல மட்ச்” என்று சைக்கிளை மிதிக்கும் பையனுக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதை எண்ணிப் பார்க்க நேரமிருக்காது. புனித மிக்கேல் கல்லூரி மாணவரை விளையாட்டில் பழக்கியெடுத்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஹரல்ட் ஜோன் வெபர் அடிகளாரின் பெயரையே அந்த மைதானம் தாங்கி நிற்கிறது. அதே நகரத்தில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் மாணவியிடம் கேட்டால், வெபர் என்பது காந்தப் பாயத்தின் அலகு என்பாள். சமூகவியல் படித்தவர் மாக்ஸ் வெபரைச் சொல்வார். விலங்கியல் ஆசிரியரோ மீனின் எலும்பைக் காட்டுவார்.

இந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார், அவர்களுக்குள் உறவு ஏதும் உண்டா, ஒரு ஜெர்மானியக் குடும்பப் பெயர் வாவிக்கரையில் நிலைத்தது எவ்வாறு என்பனவே இக்கட்டுரையின் கேள்விகள்.

குடியும் குடும்பப் பெயரும்

மட்டக்களப்பாருக்குக் குடும்பப் பெயர் என்பது சற்று அந்நியமான சங்கதி. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஒருவரின் பிறப்பைக் குறிப்பது ‘குடி’. அது தாய் வழியே வருவது. தகப்பன் ஒரு குடி, பிள்ளைகள் தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில் எந்தத் திருவிழாவுக்கு யார் உரித்தாளர் என்பதும் குடி முறையிலேயே தீர்மானமாகும். ‘வயிற்றுவார்’ என்று இங்கு வழங்கும் தாய்வழிப் பிரிவு அதற்கும் நுண்ணிய கணக்கு. ஆனால் பெயருக்கு முன்னே நாம் எழுதும் எழுத்து தகப்பனுடையது. அதுவும் ஒரு தலைமுறையோடு மாறிவிடும்.

தலைமுறை தலைமுறையாக மாறாமல் தந்தை வழியில் செல்லும் பெயரை நம்மிடையே கட்டிக்காப்பவர்கள் பறங்கியர். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். இரு காலங்களின் கலப்பிலும் தோன்றிய சமூகம் அது. செல்லர், பார்த்தலட், பல்தசார், அன்ட்ராடோ, ஊட்ஸ்கூன் என்னும் பெயர்கள் இன்றும் மட்டக்களப்பில் கேட்பவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையில் ஜெர்மானியர் பெருந்தொகையாக இருந்ததால் இலங்கைப் பறங்கியரிடையே ஜெர்மானியப் பெயர்களும் கலந்தன. புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) பெயரில் அந்தத் தடம் தெரிகிறது.

ஜெர்மனியில் மிகப் பரவலான ஐந்து குடும்பப் பெயர்கள் முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வெபர். முறையே மாவரைப்பவர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர். இடைக்காலத்தில் ஊருக்கு ஊர் நெசவாளர் இருந்ததால் ஊருக்கு ஊர் வெபர் தோன்றினர். ஆகவே இரண்டு வெபர்களைக் கண்டால் அவர்கள் உறவினர் என்று எண்ணுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மட்டக்களப்புக் குடியைக் கேட்டால் யாரை மணக்கக்கூடாது என்பது தெரியும். வெபர் என்ற பெயரைக் கேட்டால் அந்த அளவுக்கும் ஒன்றும் தெரியாது.

விற்றன்பேர்க் சகோதரர்கள்

உண்மையான இரத்த உறவுள்ள வெபர்கள் மூவரிலிருந்து தொடங்கலாம். விற்றன்பேர்க் நகரத்து இறையியற் பேராசிரியர் ஒருவரின் புதல்வர்கள் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் (1795–1878), வில்ஹெல்ம் எடுவார்ட் (1804–1891), எடுவார்ட் ஃபிரீட்ரிஹ் (1806–1871) ஆகியோர் மூவரும் அறிவியலாளர்.

மூத்தவரான ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் 1820இல் வெளியிட்ட ஆய்வு நம் வாவிக்கு நேரே சம்பந்தப்பட்டது. கெளிறு, கெண்டை போன்ற மீன்களின் தலைக்குப் பின்னால், முதுகெலும்பின் தொடக்கத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிற்றெலும்புத் தொடர்கள் உள்ளன. கறிக்கு மீன் வெட்டுகிறவர்கள் அவற்றைக் கவனிக்காமலே எறிந்துவிடுவார்கள், அவ்வளவு சிறியவை. முதல் சில முள்ளெலும்புகளின் பகுதிகள் உருமாறி உண்டானவை இவை. நீரில் ஒலி பரவும்போது மீனின் காற்றுப்பை அதிர்கிறது. அந்த அதிர்வை இந்த எலும்புத் தொடர் உட்செவிக்குக் கடத்துகிறது. இந்த அமைப்பு இல்லாத மீன்கள் பலவற்றைவிட இவை நன்றாகக் கேட்பதற்கு இதுவே காரணம். வெபர் இவற்றை மனிதச் செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகளோடு ஒத்தவையாகக் கருதினார். பிற்கால உடற்கூற்றியல் அந்த ஒப்பீட்டைக் கைவிட்டது. வெபர் எலும்புகள் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

மீன் பாடுகிறதா என்று உலகம் கேட்ட வாவி நம்முடையது. எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு தோணியில் சென்று அந்த ஓசையைக் கேட்டு, 1859இல் வெளியான தமது இலங்கை நூலில் எழுதினார். ஊரியே அவ்வாறு ஒலிக்கிறது என்று வாவி மக்கள் அவரிடம் சொன்னார்கள். பின்னாளில் அதே ஓசையைப் பதிவுசெய்தவர்களில் ஒருவர் லாங் அடிகளார். அந்தப் பதிவு இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. அவரும் அமெரிக்க இயேசு சபைத் துறவி. அவருடையதும் ஜெர்மானியரிடையே பரவலான பெயர். பாடுவது எது என்ற கேள்விக்கு எந்த வெபரும் விடை தரவில்லை. ஆனால் நீருக்குள் கேட்பது எப்படி என்ற கேள்விக்கு ஒரு வெபர் விடை தந்திருக்கிறார்.

ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் மனித உணர்வையும் அளந்தவர். கையில் உள்ள பாரம் கூடியதை நாம் உணர, கூடுதல் பாரம் ஏற்கெனவே உள்ள பாரத்தின் ஒரு குறிப்பிட்ட விகிதமாவது இருக்கவேண்டும் என்றார். நாலு மீன் கிடக்கும் கூடையில் ஐந்தாவதைப் போட்டால் தூக்குகிறவருக்குத் தெரியும். நிறைந்த கூடையில் ஒன்றைப் போட்டால் தெரியாது. இதைக் கணித வடிவில் எழுதி ‘வெபர் விதி’ என்று பெயரிட்டவர் ஃபெஹ்னர்.

இரண்டாமவர் வில்ஹெல்ம், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணித மேதை காவுஸுடன் இணைந்து 1833இல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குக் கம்பி இழுத்துத் தந்திச் செய்தி அனுப்பியவர். ஹனோவர் மன்னர் அரசியலமைப்பை இரத்துச் செய்தபோது அதை எதிர்த்துக் கையெழுத்திட்ட கோட்டிங்கன் எழுவரில் அவரும் ஒருவர். 1837இல் பதவி பறிபோனது. காந்தப் பாயத்தின் சர்வதேச அலகுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. மூன்றாமவர் எடுவார்ட், மூத்த சகோதரருடன் சேர்ந்து 1845இல், வேகசு நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு தளர்ந்து நிற்கும் என்று காட்டினார். ஒரு நரம்பு ஓர் உறுப்பின் இயக்கத்தை அடக்கவும் கூடும் என்பது அன்று புதுச் செய்தி.

மாக்ஸ் வெபர் மூவர்

பெயர் ஒன்றாயிருப்பதால் நூலகப் பட்டியல்களில் குழப்பம் விளைவிப்பவர்கள் மாக்ஸ் வெபர்கள்.

ஒருவர் பொன் (Bonn) நகரில் பிறந்த விலங்கியலாளர் மாக்ஸ் வில்ஹெல்ம் கார்ல் வெபர் (1852–1937). 1899–1900இல் ‘சிபோகா’ கப்பலில் இன்றைய இந்தோனேசியக் கடலை ஆராய்ந்தார். ஆசிய உயிரினங்களும் ஆஸ்திரேலிய உயிரினங்களும் சரிசமமாகக் கலக்கும் எல்லைக் கோட்டுக்கு ‘வெபர் கோடு’ என்று பெயர். மனைவி அன்னா வெபர் வான் பொசே (1852–1942) கடற்பாசி நிபுணர். அதே பயணத்தில் உடன் சென்றவர். மாக்ஸ், விலங்கியலாளர் டி போஃபோட்டுடன் சேர்ந்து தொடங்கிய அக்கடற்பகுதித் தீவுக்கூட்டத்து மீன்கள் பற்றிய நூற்தொகுதி 11 தொகுதிகளாக விரிந்து, அவர் மறைந்தபின் 1962இலேயே நிறைவுற்றது.

இன்னொருவர் பியாலிஸ்டொக் நகரத்து யூதக் குடும்பத்தில் 1881இல் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா சேர்ந்த ஓவியர். அமெரிக்கக் கியூபிச ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1961இல் மறைந்தார்.

மூன்றாமவரே சமூகவியல் வகுப்புகளில் நாம் படிக்கும் மாக்ஸ் வெபர் (1864–1920). எர்ஃபர்ட் நகரத்தவர். கோப்பு, பதவிப்படி, எழுத்து விதி, ஆளுக்காக வளையாத ஒழுங்கு ஆகியவை கொண்ட நவீன அதிகாரி ஆட்சியை முதன்முதலில் முறையாக விளக்கியவர். ஒல்லாந்தர் கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய மட்டக்களப்புக் கச்சேரிக்கு ஒரு காணிப் பத்திரத்துக்காக ஏறி இறங்கியவருக்கு அவர் எழுதியது புதிதாய் இராது. இந்து, பௌத்த மதங்கள் பற்றி 1916–17இல் அவர் எழுதிய நூலில் இலங்கைப் பௌத்தமும் இடம்பெறுகிறது. ஆனால் அவர் இந்தியாவையோ இலங்கையையோ கண்டதில்லை. குடிசன மதிப்பீட்டு அறிக்கைகளும் நூல்களுமே அவருடைய ஊற்று. இந்திய மத உலகம் தானாக நவீன முதலாளித்துவத்தைப் பிறப்பிக்கவில்லை என்ற அவருடைய வாதத்தை, மானிடவியலாளர் மில்டன் சிங்கர் சென்னைத் தொழிலதிபர்களிடையே சோதித்து 1972இல் நூலாக்கினார். வீட்டில் ஆசாரமும் தொழிற்சாலையில் கணக்கும் ஒருவரிடமே இணங்கி வாழ்வதை அவர் கண்டார்.

நமக்கு இன்னும் நெருங்கியவர் இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேயசேகர. வெபரிடமிருந்தும் ஃபிராய்டிடமிருந்தும் கற்று, கதிர்காமத்துச் சாமியாடிகளின் சடாமுடி பற்றி 1981இலும், பத்தினி வழிபாடு பற்றி 1984இலும் நூல்கள் எழுதினார். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு காணும் நம் ஊர்களுக்குப் பத்தினி யார் என்று சொல்லவேண்டியதில்லை. எர்ஃபர்ட்டில் பிறந்த சிந்தனை ஒன்று சுற்றிவந்து சேர்ந்த இடம் அது.

இதிகாசத்தோடு மல்லுக்கு நின்றவர்

பெர்லின் பேராசிரியர் அல்பிரெஹ்ட் வெபர் (1825–1901) சுக்கில யசுர் வேதத்தைப் பதிப்பித்தவர். தம்மபதத்தை 1860இல் ஜெர்மன் மொழியில் தந்தவர். 1870இல் அவர் வெளியிட்ட இராமாயண ஆய்வு பெரும் புயலைக் கிளப்பியது. பாளி தசரத ஜாதகமே கதையின் பழைய வடிவம், சீதை கவரப்படுவதும் இலங்கை முற்றுகையும் ஹோமரின் சாயல் என்பது அவர் கருத்து. பம்பாய் அறிஞர் காசிநாத் திரிம்பக் தெலங் 1873இல் ஒரு சிறுநூலில் அதை வரிக்கு வரி மறுத்தார். ஐரோப்பியப் பேராசிரியருக்கு இந்திய அறிஞர் ஒருவர் அதே ஆய்வு முறையில், ஆங்கிலத்திலேயே பதில் கொடுத்த தொடக்கக் காலச் சம்பவங்களுள் இதுவும் ஒன்று. அல்பிரெஹ்ட்டின் கருத்து இன்று பொதுவாக ஏற்கப்படுவதில்லை. அவர் பதிப்பித்த மூலங்கள் இன்றும் பயன்படுகின்றன.

‘டெர் ஃபிரைஷ்யூட்ஸ்’ இசைநாடகத்தை 1821இல் பெர்லினில் அரங்கேற்றிய கார்ல் மரியா ஃபொன் வெபரையும் (1786–1826) இங்கே சொல்லிவிட வேண்டும். மொசார்ட்டின் மனைவி கொன்ஸ்டான்சே அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி.

நியூ ஓர்லியன்ஸிலிருந்து வாவிக்கரைக்கு

திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் நிறுவப்பட்டது. மட்டக்களப்பும் அதில் அடங்கியிருந்தது. பிரான்ஸ் நாட்டு இயேசு சபையினர் இங்கு பணியைப் பொறுப்பேற்றனர். அவர்களுள் பொனல் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்தெடுத்தார். சுவாமி விபுலானந்தர் படித்ததும் படிப்பித்ததும் அக்கல்லூரியில்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். அந்நகருக்கு மேலே மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1720களிலேயே ஜெர்மானியர் குடியேறினர். பிரெஞ்சு எழுத்தர் கையில் அங்கு சில வெபர்கள் ‘வெப்ரே’ ஆனார்கள். பெயர் ஊருக்குத் தக்கபடி மாறும் என்பதற்கு அது சான்று.

அந்த அமெரிக்க இயேசு சபையினருள் வெபர் அடிகளாரோடு சேர்த்து எண்ணவேண்டிய தோழர்கள் பலர். கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தை நடத்திய யூஜின் ஹேபர்ட் அடிகளார், கூடைப்பந்தாட்டத்தில் பெயர் எடுத்தவர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு வரும் வழியில் காணாமற்போனார். சமாதானக் குழுவில் உழைத்த பென் மில்லர் அடிகளார் 2019 புத்தாண்டு நாளில் இங்கேயே காலமானார்.

துறவிக்குப் பிள்ளையில்லை. ஆகவே ஜெர்மானிய வழக்கப்படி தந்தை வழியில் அவர் பெயர் இங்கு தொடர வழியில்லை. மட்டக்களப்பு வழக்கப்படி தாய் வழிக் குடியும் அவருக்கு இங்கு கிடையாது. இரு வழியும் அடைபட்ட பெயர் மூன்றாவது வழியில் நிலைத்தது. வில்ஹெல்மின் பெயர் அலகானதும், ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிஹின் பெயர் எலும்பானதும், விலங்கியலாளர் மாக்ஸின் பெயர் கோடானதும் அந்த வழியில்தான். தாம் செய்த வேலையை ஒட்டியே அவர்கள் பெயர் பொதுச்சொல் ஆயிற்று. பிறப்பை ஒட்டி அல்ல. அந்த வரிசையில் மட்டக்களப்பின் வெபர் எவ்விதத்திலும் கடைசி ஆள் இல்லை. ஒரு நகரத்துப் பிள்ளைகள் ஓடி விழுந்து எழும்பிய தரைக்கு அவர் பெயர்.

வேறுபாடு ஒன்றுதான். ஏனைய வெபர்களுக்குக் கலைக்களஞ்சியங்களில் பக்கங்கள் உண்டு. இவரைப் பற்றிய செய்தி பெரும்பாலும் பழைய மாணவர் வாய்மொழியிலும், வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் அணிப் புகைப்படங்களிலும், கல்லூரிச் சஞ்சிகைகளிலும் சிதறிக் கிடக்கிறது. அவரிடம் பயிற்சி பெற்ற தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. போட்டி முடிவுகளையும் படங்களையும் நினைவுகளையும் திரட்டித் தமிழில் ஒரு முழு வரலாறு எழுதும் பொறுப்பு அந்த மைதானத்தில் விளையாடிய நம்முடையது. கோட்டிங்கன்காரர் நமக்காக அதை எழுதித் தரமாட்டார்.