ஆமிஷ் ஊரில் போய் வாழ முடியுமா? வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வார்களா?

"போன் வேணாம், கார் வேணாம். வயலும் குதிரை வண்டியும் போதும்." அமெரிக்காவின் ஆமிஷ் மக்களைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இப்படிச் சொல்பவர்கள் உண்டு. வாசலில் நெல் வயலும் பின்னால் ஜெராய் மலையும் உள்ள யான் வட்டாரத்தில் இருந்தாலும், இந்த ஆசை வரலாம். ஆனால், நினைத்தவுடன் போய்ச் சேர்ந்துவிட முடியுமா?

யார் இவர்கள்?

1525-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியல்ல, வயது வந்து தானே முடிவெடுத்தவருக்கே அது பொருந்தும் என்றார்கள். மறுபடி ஞானஸ்நானம் பெற்றதால் 'அனபாப்டிஸ்ட்' என்று பெயர் வந்தது. அதற்காகப் பலர் கொல்லப்பட்டார்கள்.

மென்னோனைட், ஹட்டரைட், ஆமிஷ் ஆகியோர் இந்த மரபில் வந்தவர்கள். 1693-இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்களே ஆமிஷ். 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கிய அவர்கள், இன்று வட அமெரிக்காவில் சுமார் 400,000 பேர்.

தொழில்நுட்பமே கூடாதா?

அப்படி இல்லை. ஒரு பொருள் குடும்பத்தையும் ஊரையும் பிரிக்குமா என்பதுதான் அவர்களின் கேள்வி. பல ஊர்களில் சொந்தமாகக் கார் வைத்திருக்கக் கூடாது, ஆனால் வாடகைக் காரில் போகலாம். போன் வீட்டுக்குள் இருக்காது, வெளியே ஒரு சிறு கொட்டகையில் இருக்கும். இந்த விதிகளுக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். ஒவ்வொரு சபைக்கும் அது மாறும்.

வெளியாள் சேர என்ன செய்ய வேண்டும்?

கதவு பூட்டியில்லை. ஆனால் பாதை நீளம்:

• அவர்களோடு தங்கி, உழைத்து, நம்பிக்கையைப் பெற வேண்டும்.
• வீட்டில் பேசும் பென்சில்வேனியா ஜெர்மன் மொழியைக் கற்க வேண்டும்.
• சபை ஏற்றுக்கொண்ட பிறகு, ஞானஸ்நானம் பெற்று ஓர்ட்னுங்கிற்குக் கட்டுப்படுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிச் சேர்ந்து கடைசிவரை நிலைத்தவர்கள் மிகச் சிலரே. மலேசியர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: சுற்றுலா விசாவில் போய் அங்கே குடியேற முடியாது.

பிடிக்கவில்லை என்றால்?

ஞானஸ்நானத்துக்கு முன் விலகினால் தண்டனை இல்லை. அதற்குப் பிறகு வாக்கை மீறினால், சபை ஒதுக்கிவைக்கும். சொந்த வீட்டிலேயே தனி மேசையில் சாப்பிட வேண்டி வரலாம்.

வேறு வழி உண்டா?

1920-இல் ஜெர்மனியில் தொடங்கிய 'புரூடர்ஹோஃப்' சமூகம் வெளியாட்களுக்கு ஓரளவு திறந்தது. விருந்தினராகத் தங்கிப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் அவர்களுக்கு ஊர் உண்டு. ஆனால் உறுப்பினரானால் சொந்தச் சொத்து கிடையாது, எல்லாம் பொது.

எல்லா அனபாப்டிஸ்ட்டும் குதிரை வண்டியில் போவதில்லை. தெலங்கானாவிலும் ஜாவாவிலும் வாழும் மென்னோனைட் மக்கள், பக்கத்து வீட்டுக்காரர் போலவே சாதாரணமாக வாழ்கிறார்கள். அவர்களின் உலக மாநாடு 2022-இல் இந்தோனேசியாவில்தான் நடந்தது.

உண்மையில் எதற்கு ஆசைப்படுகிறோம்?

ஆமிஷ் ஊரில் ஒருவரின் களஞ்சியம் எரிந்தால், ஊரே கூடி மறுபடி கட்டித் தரும். மருத்துவமனைச் செலவைச் சபை பகிர்ந்துகொள்ளும். நம்ம ஊர் கோத்தோங் ரோயோங் போலத்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க.

தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டியைக் கேட்டால் இதன் இரண்டு பக்கமும் தெரியும். சாவு வீடு என்றால் கூப்பிடாமலே நாலு வீட்டிலிருந்து சோறு வரும். அதே நாலு வீட்டுக்கும், நீங்கள் யாரோடு நின்று பேசினீர்கள் என்பதும் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். ஆமிஷ் ஊரில் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.