கள்ளச்சாராயச் செய்திகளும் மெத்தனால் நஞ்சும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியது கல்வராயன் மலையில் போலீசார் ஊறல் பேரல்களைக் கவிழ்ப்பதைத்தான். கொல்லிமலையின் ஆலத்தூர் நாடு போன்ற மலை ஊர்களில் அதைப் பார்ப்பவருக்கு, ஊறல்தான் ஆளைக் கொன்றது என்ற தவறான பாடமே கிடைக்கிறது. வெல்லமும் பட்டையும் புளித்த ஊறலைக் காய்ச்சினால் மெத்தனால் மிகச் சொற்பமாகவே வரும். ஊரையே சாய்க்கும் அளவு, ஆலைகளுக்கான மெத்தனாலைக் கலப்பதால் வருவது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மக்கள் குடித்து இறந்ததும் ஆலை மெத்தனாலைத்தான் என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபுவே ஆய்வக முடிவைக் கொண்டு விளக்கினார்.

காய்ச்சிய சாராயம் தீங்கற்றது என்பதல்ல வாதம். அதுவும் ஈரலைக் கெடுக்கும், டாஸ்மாக் சரக்கும் கெடுக்கும். பீதியைக் கிளப்பினால்தான் குடிப்பவர் திருந்துவார் என்பாரும் உண்டு. எக்கியார்குப்பத்துக்காக அத்தனை அலறியும் ஓராண்டில் கருணாபுரம் நடந்ததே! சொல்ல வேண்டியது வேறு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட, குடித்தவர் நன்றாகவே இருப்பார். பிறகு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். கூடக் குடித்த ஒருவருக்கு இப்படி ஆனாலே மற்றவர்களும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஃபோமெபிசோல் மருந்தும் டயாலிசிஸும் நேரத்துக்குக் கிடைத்தால் பலர் பிழைப்பார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நகரத்து ஆஸ்பத்திரியை அடைய வேண்டிய கொல்லிமலைக்காரருக்கு, இறப்பு எண்ணிக்கையைவிட இந்தத் தகவல்தான் அவசரம்.